வால்பாறையில் வராத நோய்

நீங்கள் வால்பாறைக்குச் சென்றதுண்டா? சென்றிருந்தால் ஆழியாறு அணையைத் தாண்டியவுடன் தொடங்கும் அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் எண்ணிட்ட பலகை நிற்கிறது. குழந்தைகள் ஆரவாரத்துடன் எண்ணத் தொடங்குவார்கள். பதினைந்தாவது வளைவில் ஆரவாரம் குறையும். இருபதைத் தாண்டும்போது எவரேனும் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்களை மூடியிருப்பார்.

சென்ற ஆண்டு நாங்கள் குடும்பத்துடன் ஒரு வேனில் சென்றபோதும் அதுவே நடந்தது. என் அக்காள் மகனும், அவனுக்கு மணமாகி வந்த பெண்ணும், அக்காள், மச்சான், பேரப்பிள்ளைகள் என்று பதினொரு பேர். ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சி முனையில் இறங்கி, கீழே கண்ணாடித் துண்டைப்போல் கிடந்த ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் பார்த்தோம். அங்கிருந்து சற்று மேலே பாறைச் சரிவில் வரையாடுகள் மூன்று, மனிதர்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. இருபத்திரண்டாவது வளைவில் மருமகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, ஓரமாய் அமர்ந்து, வாந்தியெடுத்து, முகம் வெளுத்துப் போனாள்.

என் மருமகன் பதற்றத்துடன் என்னிடம் வந்து, "மாமு, இதற்கே இப்படி என்றால் லடாக்கில் என்ன ஆவாள்? உயரம் ஒத்துக்கொள்ளவில்லையே!" என்றான்.

அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. பத்து நாட்களில் இருவரும் விமானத்தில் லே நகருக்குச் செல்லவிருக்கிறார்கள். மலை உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொள்வதற்காகவே இந்த வால்பாறைப் பயணத்தை அவன் ஏற்பாடு செய்திருக்கிறான்! நாற்பது ஆண்டுகள் பொள்ளாச்சியில் மருந்துக்கடை நடத்தியவன் நான், மருத்துவன் அல்லன். ஆயினும் இந்தப் பேச்சைக் கேட்டு வாளாவிருக்க இயலவில்லை. அன்று அவனிடம் சொன்னவற்றையும், பின்னர் தேடிப் படித்தவற்றையும் உங்களுக்கும் எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது காஷ்மீருக்கும் லடாக்குக்கும் சர்வ சாதாரணமாகப் புறப்பட்டுவிடுகிறார்களே!

முதலில் வால்பாறையின் உயரத்தைப் பாருங்கள். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. வால்பாறை சுமார் 3,500 அடி. ஆக, நாற்பது வளைவுகளில் நாம் ஏறுவது ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு அடி மட்டுமே. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு இருக்கும். அந்தக் குறைவை நம் உடல் உணர்வதே இல்லை. நாம் வாங்கிச் செல்லும் முறுக்குப் பொட்டலம்தான் உணர்கிறது. பொள்ளாச்சியில் ஒட்டி மூடப்பட்ட பை அட்டகட்டியை நெருங்கும்போது தலையணைபோல் உப்பிவிடும். நம் காதுகள் அடைத்துப் பின் 'டப்'பென்று திறப்பதும் இதனால்தான். மெக்காவிலிருந்து தாயிஃபுக்கு அல்ஹதா மலைப்பாதையில் சென்றவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். தாயிஃப் ஆறாயிரம் அடிக்குச் சற்று மேல்.

உயரத்தினால் வரும் உண்மையான நோய் பொதுவாக எட்டாயிரம் அடிக்கு மேல், அதுவும் அங்கே இரவு தங்கும்போதுதான் தலைகாட்டுகிறது. கொடைக்கானல் சுமார் 7,000 அடி, உதகை சுமார் 7,350 அடி. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 8,650 அடி. அங்கே யாரும் படுத்துறங்குவதில்லை. நல்லமுடிப் பூஞ்சோலையில் நின்று எதிரே பார்த்தால் தெரியும் ஆனைமுடி, தென்னிந்தியாவிலேயே உயரமானது, 8,842 அடி. ஆகவே, நம் மலைகளில் நமக்கு வருவது உயர நோயன்று. மருமகளுக்கு வந்தது வளைவு நோய்! கண் வண்டிக்குள் இருக்கும் இருக்கையைப் பார்த்து, 'அசையவில்லை' என்கிறது. காதினுள் உள்ள சமநிலை உறுப்போ, 'சுழல்கிறோம்' என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படுவதால் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. அவள் வழியெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதற்கு மருந்து எளிது. முன் இருக்கையில் அமர்ந்து தொலைவில் உள்ள மலையைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன் பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். அடிக்கடி வாந்தி வருபவர்கள் மருத்துவரைக் கேட்டு வாந்தி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும்; வயிறு புரளத் தொடங்கிய பின் விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். அன்று மருமகளை முன் இருக்கைக்கு மாற்றினோம். வால்பாறை போய்ச் சேர்ந்தபோது அவள்தான் முதல் ஆளாகத் தேநீர் கேட்டாள்.

வால்பாறைக்கும் ஒரு காலத்தில் தனக்கென்று ஒரு மலை நோய் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கவர்க்கல்லில் சிலையாக நிற்கும் கார்வர் மார்ஷ் போன்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்துத் தேயிலை நட்ட காலத்தில், சமவெளியிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட ஏழைத் தொழிலாளர்கள் மலேரியாவால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். இப்பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலில் அதை எழுதினார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் அதைத் தழுவியதே. பச்சைக் கம்பளம் விரித்ததுபோன்ற அந்தச் சரிவுகளை நாம் புகைப்படம் எடுக்கும்போது, அவற்றின் அடியில் யார் உறங்குகிறார்கள் என்பதை ஒரு கணம் நினைப்பது தவறாகாது. அந்த நோய்க்குக் காரணம் கொசு, உயரம் அன்று.

உயரம் கொல்லும் நோய் எது என்பதை அறிய நாம் வடக்கே செல்ல வேண்டும். அதை நேரில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் நமக்கு அந்நியரல்லர். பாபரின் சிற்றன்னை மகனான மிர்ஸா ஹைதர் துக்லத், பின்னாளில் காஷ்மீரை ஆண்டவர், 'தாரீகே ரஷீதி' என்னும் பாரசீக வரலாற்று நூலின் ஆசிரியர். 1532இல் யார்க்கந்தை ஆண்ட சுல்தான் சயீத் கானுடன் லடாக், திபெத் மீது படையெடுத்துச் சென்றார். அந்த மலைகளில் தம் ஆட்களைப் பிடித்த நோய்க்கு அவர் 'தம்கீரி' என்று பெயர் சொல்கிறார். தம் என்றால் மூச்சு. கீரி என்றால் பிடித்தல். 'தம் பிடித்து ஓடு' என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அதே தம்தான்! பெருஞ்சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடியவனைப்போல் மூச்சுத் திணறும், பேச்சுக் குழறும், முற்றிவிட்டால் மனிதன் வெகுவிரைவில் மாண்டுவிடுவான் என்று எழுதியிருக்கிறார். குதிரைகளுக்கும் இந்நோய் வந்ததாம். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை அது தீண்டுவதில்லை, வெளியூராரையே பற்றுகிறது என்பதையும் கவனித்துக் குறித்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு கூர்மையான பார்வை பாருங்கள்!

சுல்தான் சயீத் கானையே அந்த நோய் விடவில்லை. 1533இல் ஊர் திரும்பும் வழியில் பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட வெட்டவெளியில் அவர் உயிர் பிரிந்தது. இன்று இந்திய விமானப்படையின் ஓடுதளம் இருக்கும் 'தௌலத் பேக் ஓல்டி' என்ற இடத்தின் பெயருக்கு, 'பெருஞ்செல்வர் இறந்த இடம்' என்று பொருள். அது அவருடைய இறப்பைக் குறித்தே வந்தது எனச் சொல்லப்படுகிறது. படையும் பட்டயமும் செல்வமும் இருந்தும் மூச்சுக் காற்றுக்கு வழியில்லாமற் போனது.

பிறகு இந்த நோயை முறையாக ஆராய்ந்து உலகுக்குச் சொன்னதும் நம் நாட்டு இராணுவ மருத்துவர்களே. 1962இல் சீனப் போரின்போது சமவெளியிலிருந்து நேரே விமானத்தில் ஏற்றி உயரங்களில் இறக்கப்பட்ட வீரர்கள், ஒரு குண்டும் படாமலே சாய்ந்தார்கள். 11,000 அடிக்கும் 18,000 அடிக்கும் இடையே நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் எழுதிய ஆய்வு 1969இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்றைக்கும் மருத்துவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வீரர்கள் நோஞ்சான்கள் அல்லர், கட்டுமஸ்தான இளைஞர்கள். உடல் வலிமை இந்த நோயிலிருந்து காப்பதில்லை. இன்னும் சொல்லப்போனால், 'எனக்கென்ன' என்று வேகமாக ஏறுவதால் இளைஞர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

காரணம் என்ன? உயரத்திலும் காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்குதான். அந்த விகிதம் மாறுவதில்லை, அழுத்தம்தான் குறைகிறது. லே நகரம் 11,500 அடி. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கார்துங் லா கணவாயில் ஏறத்தாழப் பாதி. (அந்தக் கணவாய் 18,380 அடி என்று நெடுங்காலம் பலகை வைத்திருந்தார்கள், அளந்து பார்த்ததில் 17,600 அடிதான் வருகிறது. பெருமைக்கு எண்ணூறு அடி கூடுதல்!) நல்ல வேளையாக உடலுக்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. பின்னர் சிறுநீரகம் இரத்தத்தின் காரத்தைச் சரிசெய்கிறது. நாள் செல்லச் செல்லச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆனால் இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும். விமானமோ தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நம்மைப் பதினோராயிரம் அடியில் கொண்டுபோய் விடுகிறது.

வால்பாறையில் எத்தனை நாள் இருந்தாலும் இந்தப் பழக்கம் ஏற்படாது. 3,500 அடியில் உடல் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. மருமகனின் திட்டம், நீச்சல் பழக வாளித் தண்ணீரில் நிற்பதற்கு ஒப்பானது. இதைச் சொன்னபோது அக்காள் சிரித்துவிட்டாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

சோலையாறு அணைக்குச் செல்லும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து அவனுடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் லே. இரண்டாம் நாள் கார்துங் லாவைக் கடந்து நூப்ரா. மூன்றாம் நாள் 14,000 அடியை ஒட்டிய பாங்காங் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கல். ஐந்து நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் திரும்புவதாம்! பணம் கட்டியாகிவிட்டது.

அவனிடம் முதலில் சொன்னது, லே சென்றடைந்த முதல் இரண்டு நாட்கள் அறையை விட்டு அதிகம் அசையக் கூடாது என்பது. மூன்றாம் நாள் மெல்ல நடந்து கடைவீதியையும், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஜும்ஆ பள்ளிவாசலையும் பார்க்கலாம். அதற்குப் பிறகே உயரமான இடங்கள். பத்தாயிரம் அடிக்கு மேல் சென்றுவிட்டால், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட ஓர் இரவில் சுமார் 1,600 அடிக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் வகுத்த விதி. பகலில் உயரே சென்று இரவுக்குக் கீழே வந்து படுப்பதில் ஆபத்து குறைவு. லேயிலிருந்து பாங்காங் சென்று தங்குவது ஒரே தாவலில் 2,400 அடி.

அசெட்டசோலமைடு என்றொரு மாத்திரை உண்டு. கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள். சிறுநீரகம் மெதுவாகச் செய்யும் வேலையை அது விரைவுபடுத்தி மூச்சைத் தூண்டுகிறது. நோய் வராமல் தடுக்க, பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். நோய் வந்த பிறகு அளவு இரட்டிப்பாகும். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் கழியும், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதய நோய், ஆஸ்துமா, கடும் இரத்தசோகை உள்ளவர்கள் பயணச் சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நான் எழுதியதைச் சீட்டாகக் காட்டி எவரும் மருந்து வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தூக்க மாத்திரை கூடாது. அது மூச்சை மந்தப்படுத்தும். பூண்டு சூப் குடிக்கச் சொல்வார்கள், கற்பூரத்தை முகரச் சொல்வார்கள். குடித்தால் கேடில்லை, ஆனால் அவற்றை நம்பி ஏறக் கூடாது. கையடக்கப் புட்டியில் விற்கும் பிராணவாயு சில நிமிடங்களுக்குத்தான் வரும். 'புட்டி இருக்கிறதே' என்ற தைரியத்தில் மேலே ஏறுவது, புட்டியே இல்லாதிருப்பதைவிட ஆபத்தானது.

இனி நோயின் முகத்தைச் சொல்கிறேன்; வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். உயரத்துக்குப் போய் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். அதனுடன் குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு, உணவில் வெறுப்பு. மலையில் தலை வலித்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயர நோயே என்று கொள்ள வேண்டும். அப்போது செய்ய வேண்டியது, ஏறாமல் இருப்பது. ஓய்வெடுத்து, தலைவலிக்குப் பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் ஓரிரு நாளில் பெரும்பாலும் தானே விலகும். விலகாமல் கூடினால் இறங்கிவிட வேண்டும்.

இதற்கு மேல் இரண்டு பயங்கரங்கள் உண்டு. ஒன்று மூளை வீக்கம். ஆள் தள்ளாடுவார், உளறுவார், எழுப்பினாலும் எழ மாட்டார். ஐயம் வந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் விரலை மறு காலின் குதிகால் தொடுமாறு நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மற்றொன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது. பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும், உதடு நீலம் பாயும். உயர நோயில் அதிக உயிர்களைக் குடிப்பது இதுதான். பிராணவாயு, கீழே இறக்குதல், மருத்துவமனை என்ற மூன்றும் ஒருசேர நடக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகள் மருத்துவர் கையால் தரப்படுபவை. அவை இறங்குவதற்கு மாற்று அல்ல.

லடாக்கில் இறங்குவதும் அத்தனை எளிதன்று என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. வால்பாறையில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் இரண்டு மணி நேரத்தில் பொள்ளாச்சிக்கு வந்துவிடலாம். நூப்ராவில் ஒருவர் படுத்தால், லே மருத்துவமனைக்கு வர மீண்டும் கார்துங் லா உயரத்தைக் கடக்க வேண்டும். பாங்காங்கிலிருந்து திரும்ப சாங் லா. லேயிலிருந்து சாலை வழியாகக் கார்கிலுக்கு இறங்க வேண்டுமானால்கூட 13,000 அடிக்கு மேற்பட்ட ஃபோட்டு லாவை ஏறித்தான் தீர வேண்டும். இறங்க வேண்டுமென்றாலும் ஏறித்தான் ஆக வேண்டிய ஊர் அது! ஆகவேதான் முதல் இரு நாள் ஓய்வைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன். காஷ்மீரில் குல்மார்க் கம்பிவடத்தில் இரண்டாம் கட்டம் ஏறுபவர்களும் 13,000 அடியில் போய் நிற்கிறார்கள். அங்கே தலை சுற்றினால் புகைப்படத்துக்காக நிற்காமல் அடுத்த பெட்டியில் இறங்கிவிடுவதே அறிவுடைமை.

மருமகன் அரை மனத்துடன் கேட்டுக்கொண்டான். மறுநாள் திரும்பும் வழியில், புதுத்தோட்டத்துச் சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்குக் கூட்டத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பயணத்தை ஏழு நாளாக நீட்டித்துவிட்டதாக வந்து சொன்னான். விமானச் சீட்டை மாற்றியதில் ஒன்பதாயிரம் ரூபாய் நட்டமாம். மச்சானுக்கு அதில் வருத்தம்தான். 'மாமன் பேச்சைக் கேட்டு மருமகன் காசைத் தொலைத்தான்' என்று பொள்ளாச்சி வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

லே சென்ற முதல் நாள் இரவு மருமகனுக்குத்தான் தலை வலித்தது. வளைவில் வாந்தியெடுத்த மருமகளுக்கு ஒன்றும் இல்லை! மறுநாள் காலை அவன் அதை மறைத்துக்கொண்டு, 'சும்மா பக்கத்தில் போய் வருவோம்' என்று வண்டி பேசியிருக்கிறான். காலை உணவைத் தொடாமல் தட்டைத் தள்ளியதைக் கண்ட மருமகள் அவனை அறைக் கூடத்தில் குதிகால் வைத்து நடக்கச் செய்திருக்கிறாள். நேராகத்தான் நடந்தான். ஆயினும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். இன்னொரு நாளும் படுத்தே கிடந்தார்கள். அதே விமானத்தில் வந்து அதே விடுதியில் தங்கியிருந்த ஒருவர், முப்பது வயதுக்காரர், இரண்டாம் நாளே நண்பர்களுடன் நூப்ராவுக்குப் புறப்பட்டிருக்கிறார். நான்காம் நாள் அதிகாலையில் அவரைப் பிராணவாயுக் குழாயுடன் லேக்குத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். நுரையீரலில் நீர். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து, எழுந்து நடமாடத் தொடங்கி, ஊருக்கு விமானம் ஏறினார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

மருமகனும் மருமகளும் ஐந்தாம் நாள் கார்துங் லாவுக்குச் சென்று, இருபது நிமிடம் நின்று, இரவுக்கு லேக்கே திரும்பிவிட்டார்கள். பாங்காங்கில் தங்கவில்லை, அதை இன்னும் குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான். கணவாயில் தண்ணீர் குடித்துவிட்டு, காலிப் புட்டியை இறுக மூடிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பொள்ளாச்சியில் என் மேசைமேல் எடுத்து வைத்தபோது அது, யாரோ கையால் கசக்கியதுபோல் நசுங்கி ஒட்டிக் கிடந்தது. மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, கடை அலமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன்.